திங்கட்கிழமை இரண்டாவது கேஸ்

வாயில் இரண்டு ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு, ஓடுகிற வேனுக்குள் உர்மிளா தன் நர்ஸ் தொப்பியைத் தலையில் குத்திக்கொண்டிருந்தபோது அவள் கணவன் கமலேஷ் பிரேக்கை மிதித்தான். தொப்பி பறந்துபோய் முன் கண்ணாடியில் மோதியது.

"செக்போஸ்ட்" என்றான் கமலேஷ்.

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு."

ரோட்டின் குறுக்கே இரண்டு தார் டிரம், அவற்றின் மேல் ஒரு மூங்கில். மூங்கிலுக்குப் பின்னால் பச்சைச் சட்டையில் ஒரு பட்டாளத்துக்காரன். 1987 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை. மே மாதம் ஒரு தடவை, செப்டம்பரில் இன்னொரு தடவை என்று ஆட்சியைப் பிடித்த பட்டாளம், அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையையும் பிடித்து வைத்திருந்தது. பஸ் கூடாது, டாக்சி கூடாது, கடை திறக்கக் கூடாது. கடவுளின் ஓய்வு நாளாம். பட்டாளத்துக்கு மட்டும் அன்று ஓவர்டைம்.

"திரும்பிப் போயிடலாம், உர்மி. என் கனடா விசா பேப்பர் பாதியில இருக்கு. கேஸ் கீஸ் ஆச்சுன்னா..."

"உங்க பேப்பர் பறந்து போயிடாது. நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க, அது போதும்."

பட்டாளத்துக்காரன் ஜன்னலுக்குள் குனிந்தான். "புலா, மராமா" என்று தன் பாஷையில் வணக்கம் சொன்னான். "இன்னைக்கு சண்டே."

"வியாதிக்கு அது தெரியல" என்றாள் உர்மிளா. "நாளைக்குக் காலைல அறுக்க வேண்டிய ஆளைத் தேடிப் போறேன். லோவுவுக்கு."

"என்ன வியாதி?"

"கேன்சர்."

"எங்க?"

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷம் நின்ற உர்மிளாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. சீட்டிலிருந்து அரையடி எழும்பித் தன் பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டினாள். "இங்க. உள்ள நாலு சென்டிமீட்டர். விரலை விட்டாத் தட்டுப்படும். எப்படின்னு காட்டட்டுமா?"

துப்பாக்கி வைத்திருந்தவன் அவசரமாகக் கடல் பக்கம் பார்த்தான். மூங்கில் உயர்ந்தது.

வேன் நகர்ந்ததும் கமலேஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அந்த ஆளு யாருன்னாவது தெரியுமா?"

"தெரிஞ்சா ஏன் தேடுறேன்?"

தெரிந்தது இவ்வளவுதான். பெயர் அப்பல்சாமி. ஆண். வயது நாற்பத்தொன்பது. ஊர் லோவு. இதுவும் தியேட்டர் ரிஜிஸ்டரில் இருந்த ஒரே ஒரு வரி. உடம்பிலிருந்து வெட்டியெடுக்கும் எந்தத் துண்டும் உர்மிளாவின் அந்த ரிஜிஸ்டரில் ஏறாமல் தலைநகர் சுவா லேபுக்குப் போகாது. ஆனால் இந்த வரியை எழுதியது அவள் இல்லை. மயக்க மருந்து டாக்டர் மகேந்திராவின் கோழிக்கிறுக்கல் அது. அட்மிஷன் நம்பர் இல்லை, வார்டு இல்லை. எழுதிய மகேந்திரா அடுத்த வாரமே பிரிஸ்பேனுக்குப் பறந்துவிட்டான். போகும்போது தியேட்டர் ரேடியோவைக்கூட எடுத்துக்கொண்டு போனவன் ஒரு நோயாளியின் விலாசத்தை மட்டும் மறந்துவிட்டுப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை லேப் ரிப்போர்ட் வந்தது. மலக்குடலில் கேன்சர். ஆசனவாயிலிருந்து நாலு சென்டிமீட்டர்.

அவ்வளவு கீழே கட்டி இருந்தால், அதை வெட்டிவிட்டுக் குடலை மறுபடி இணைக்க இடம் இருக்காது. மேலே வயிற்றைத் திறந்து குடலை விடுவிக்க வேண்டும். கீழே கால்களைத் தூக்கிக் கட்டி, ஆசனவாயோடு சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். அந்த வழியை ஒரேயடியாகத் தைத்து மூடி, வயிற்றின் இடது பக்கம் புதிதாக ஒரு வாய் வைத்து, அதில் பையை மாட்ட வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு சர்ஜன் சேர்ந்து செய்கிற வேலை. நாட்டில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஜூனில் சிட்னி போனார். இன்னொருவர் அக்டோபரில் வான்கூவர் போனார். மூன்றாமவர் டாக்டர் ரவீந்திரா. மூன்று பேர் வேலையையும் ஒற்றை ஆளாக மேலும் கீழும் ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்தார்.

அவருக்கும் செவ்வாய்க்கிழமை பிளேன். ஆக்லாந்து.

ஆகவே திங்கட்கிழமைதான் கடைசி ஆபரேஷன் நாள். அந்த நாளைத் தவறவிட்டால் அப்பல்சாமி என்கிற மனுஷனை அறுக்க நாட்டில் ஆள் கிடையாது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உர்மிளா டீ ரூமுக்கு ஓடினாள். ரவீந்திரா ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் நின்றுகொண்டுதான் குடிப்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் பிளேன் போய்விடும் போல என்று நர்சுகள் சிரிப்பார்கள். ஆள் வேறு இளைத்துப்போய் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார். விசா வந்தவனுக்கு சோறு இறங்காது என்பது உர்மிளாவின் தீர்ப்பு. டிக்கெட்டை இரண்டு தடவை தள்ளிப் போட்டார் என்று தெரிந்தபோது, "சம்பளத்தைப் பேரம் பேசறாரு, படிஞ்சதும் கிளம்பிடுவாரு" என்றவளும் அவள்தான்.

"டாக்டர், இந்த அப்பல்சாமி யாரு? திங்கட்கிழமை ரெண்டாவது கேஸா எழுதிடறேன்."

ரிப்போர்ட்டை ரவீந்திரா இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வேண்டாம், சிஸ்டர். அதை விட்டுடுங்க" என்றார் இங்கிலீஷில்.

"விடறதா? கேன்சர்னு எழுதியிருக்கு டாக்டர்!"

"படிச்சேன்."

அவ்வளவுதான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மூட்டையில் கொள்ளாத சாமானை வாசலில் போட்டுவிட்டுப் போகிறவன் மாதிரி ஒரு மனுஷ உயிரைப் போட்டுவிட்டுப் போனார். உர்மிளா நேராகப் போர்டுக்குப் போய், அவருடைய லிஸ்டில் இரண்டாவது இடத்தில் கொட்டை எழுத்தில் 'அப்பல்சாமி' என்று எழுதினாள். பெயர் ஏறிவிட்டது. இனி ஆள் வேண்டும்.

லோவுவில் முதல் அப்பல்சாமிக்கு வயது ஆறு. தாத்தா பெயரை வைத்திருந்தார்கள். அவனுக்கு மூக்கு ஒழுகியது, வேறெங்கும் ஒழுகவில்லை என்று அவன் அம்மா உறுதி சொன்னாள்.

இரண்டாவது அப்பல்சாமிக்கு அறுபதுக்கு மேல். மாமரத்தடியில் கூட்டாளிகளோடு கிராக் என்கிற வேர்ச்சாறு நிறைந்த சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையை வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"பெரியவரே, ஆஸ்பத்திரியில உங்ககிட்டேர்ந்து துண்டு எடுத்தாங்களா? பின்பக்கத்துல?"

சிரட்டை பாதியில் நின்றது. கூட்டாளிகள் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார்கள்.

"எவன் சொன்னான்? எவன்டா சொன்னான் எனக்குப் பின்னாடி சீக்குன்னு? என் கனடா மெடிக்கல் பாஸ்! எக்ஸ்ரே எடுத்து கிளீன்னு எழுதிக் கொடுத்திருக்கான். அதைக் கெடுக்கத்தானே வந்திருக்கே?"

"எக்ஸ்ரே நெஞ்சுக்கு எடுக்கறது."

"அதான் நெஞ்சு கிளீன்னு சொல்றேனே!"

"நெஞ்சு கிளீன்தான். அதைத் தாண்டி எவன் பார்த்தான்?"

அந்த வருஷம் நாடு முழுக்க நெஞ்சைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே மிஷின் முன்னால் வரிசையில் நின்றது. இடுப்புக்குக் கீழே எந்த எம்பசியும் பார்ப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே இடுப்புக்குக் கீழே வருகிற ரத்தமெல்லாம் மூலம். மாசக்கணக்கில் மூலம், வருஷக்கணக்கில் மூலம். இலையை அரைத்துக் கட்டி, சூடு என்று மோர் குடித்து, கடைசியில் கட்டி வழியை அடைத்து வயிறு பானையாக வீங்கியபின் ஆஸ்பத்திரி வாசலில் வந்து விழுவார்கள். விழுந்தவனின் அண்ணனோ தம்பியோ உர்மிளாவை ஓரமாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், பேப்பர்ல மூலம்னே போட்டுடுங்க, விசாவுக்கு நல்லது" என்று கெஞ்சுவான். இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ சாவைப் பார்த்தாள். வெட்கத்தில் செத்தவர்கள்தான் அதிகம்.

"உர்மி, போதும். இனிமே எந்த வீடும் பாக்கி இல்ல" என்றான் கமலேஷ்.

"ஒண்ணு இருக்கு."

கரும்பு வயலின் கோடியில் ஒரு தகர வீடு. முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எழுபது வயது இந்திராவதி மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். தனியாக ஐந்து ஏக்கர் கரும்பு வைத்திருப்பவள். கத்தியைக் கீழே வைக்காமலே இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"சண்டேல சுத்தறீங்களே, பட்டாளத்துக்காரன் உங்களுக்கு மச்சானா?"

ஊரெல்லாம் ஹிந்தியிலேயே பேசிவந்த உர்மிளா, கோவிலோடு நிறுத்தி வைத்திருந்த தமிழை வெளியே எடுத்தாள். "அம்மா, அப்பல்சாமின்னு ஒருத்தர். நாப்பத்தொம்பது வயசு. இந்த ஊரு."

"அந்த வயசுல ஒருத்தனும் இல்ல. இந்த வயல் பக்கம் இருந்தது ஒரே அப்பல்சாமி. அந்தாளும் போயிட்டான்."

"எங்க? கனடாவா?"

"மேல." இந்திராவதி கத்தியால் வானத்தைக் காட்டினாள். "பதினஞ்சு வருசமாச்சு. பெபே புயல் அடிச்சுதே, அந்த வருசம். பக்கத்து வயலுதான். மூலம்னாங்க. ரெண்டு வருசம் ரத்தமாப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னா, அங்க போயி எவன் முன்னாடி வேட்டியைத் தூக்கிக் காட்டறதுன்னான் அந்த வீரன். காட்டாமலே போயிட்டான்."

"பிள்ளைங்க?"

"ஒருத்தன். அப்ப வெளிநாட்டுல படிச்சிட்டிருந்தான். அவன் வந்து எறங்கறதுக்குள்ள எரிச்சாச்சு. உங்க ஆஸ்பத்திரியிலதான் பெரிய டாக்டராமே இப்ப. ரவீந்திரா."

உர்மிளா மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

செத்துப்போன அப்பன் பெயரில் ஒரு துண்டு லேபுக்குப் போயிருக்கிறது. மகன்காரன் ரிப்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு 'விட்டுடுங்க' என்கிறான். அப்படியென்றால் யாரையோ மறைக்கிறான்.

வேனில் ஏறியதும் உர்மிளா வெடித்தாள். "அக்டோபர்ல டாக்டர் குவார்டர்ஸ் வாசல்ல ரெண்டு நாள் பட்டாள ஜீப் நின்னுதே, நினைவிருக்கா?"

"ஆமா. பக்கத்து வீட்டுக்காரி சொன்னா."

"எவனோ பெரிய ஆபீசர். பின்பக்கத்துல கட்டி. வெளியில தெரிஞ்சா மானம் போயிடும். அதான் டாக்டர் ரகசியமாத் துண்டு எடுத்து, மகேந்திராவை விட்டு அப்பன் பேரை எழுத வச்சு அனுப்பிட்டாரு. அதுக்குக் கூலியா, டாக்டர் நாட்டை விட்டுப் போறதுக்கு வேண்டிய கையெழுத்தெல்லாம் மளமளன்னு விழுந்திருக்கு. மத்த டாக்டருங்க ஆறு மாசம் அலைஞ்சாங்க. இவருக்கு மூணே வாரம். கணக்கு சரியா இருக்கா?"

கமலேஷ் யோசித்தான். "சரியாத்தான் இருக்கு. அப்ப விட்டுடேன். ஆபீசர்னா அவன் சிங்கப்பூர் போயி அறுத்துக்குவான்."

"போகமாட்டான். வெட்கப்படுவான். துப்பாக்கி வச்சிருந்தா மட்டும் வெட்கம் போயிடுமா? காலைல பார்த்தீங்கல்ல, அந்த வார்த்தையைக் கேட்டதும் மூங்கிலைத் தூக்கிட்டானே! அவன் மேஜரா இருந்தா என்ன, மகாராஜாவா இருந்தா என்ன. கட்டி இருக்கில்ல? என் லிஸ்ட்டுல இடம் இருக்கு. நாளைக்கு அவன் மேஜைல படுக்கணும்."

"படுக்கலேன்னா?"

"படுக்க வைக்கறேன். அந்தப் பேரை டாக்டர் வாயிலேர்ந்து பிடுங்கறேன்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் கேஸ். பா என்கிற ஊரின் லாரி டிரைவர் ஒருவர், கட்டி இதே மாதிரி கீழே. முந்தின நாள் சாயந்திரம் ரவீந்திரா வார்டுக்கு வந்து குறி போட்டுவிட்டுப் போயிருந்தார். அவரிடம் உர்மிளாவால் குறை சொல்ல முடியாத விஷயம் அது ஒன்றுதான். மற்ற டாக்டர்கள் மேஜையில் படுத்தவன் வயிற்றில் தோன்றிய இடத்தில் ஓட்டை போடுவார்கள். இவர் அப்படி இல்லை. நோயாளியை அவனுடைய சொந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்வார். உட்காரச் சொல்வார், குனியச் சொல்வார், ஸ்டியரிங் பிடிப்பது மாதிரி கையை நீட்டச் சொல்வார். பெல்ட்டில் இடிக்காமல், மடிப்பில் விழாமல், அவன் கண்ணுக்கே தெரிகிற இடம் எது என்று தேடி, நீலப் பேனாவால் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி போடுவார். "இதை நீங்கதான் தினம் பார்க்கப் போறீங்க, நான் இல்ல" என்பார்.

அன்றைக்கு அவர் கை வேலை செய்த அழகைப் பார்த்து உர்மிளாவுக்கு வயிறு எரிந்தது. மேலே குடலை விடுவித்தார், இரண்டு பக்கமும் நல்ல சதை வரும்வரை விடாமல் போனார். கீழே வந்து ஸ்டூலில் உட்காராமல் முட்டி போட்டுக்கொண்டே தோண்டினார். நாலு மணி நேரம். ரத்தம் ஒரு பாட்டில்கூட ஏற்றவில்லை. இந்தக் கையைத்தான் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகிறான், பாவி. நீலக் குறி இருந்த இடத்தில் சிவப்பாக, சுத்தமாக, ஒரு ரோஜா மொட்டு மாதிரி குடலின் வாய் வந்து உட்கார்ந்தது.

தட்டில் ஏந்திய துண்டை உர்மிளா ஜாடியில் போட்டாள். ரிஜிஸ்டரில் எழுதினாள். பிறகு மேஜையைத் துடைத்து, புது ஆயுதப் பொதியை எடுத்து வைத்தாள்.

"எதுக்கு இது?" என்றார் ரவீந்திரா.

"ரெண்டாவது கேஸ்."

"சிஸ்டர், எடுத்து வச்சிடுங்க. யாரும் வரமாட்டாங்க."

அவர் டீ ரூமுக்குப் போனார். உர்மிளா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த சர்ஜனிடமும் அவள் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு அதற்கும் சேர்த்து உயர்த்தினாள்.

"நேத்து லோவு போயிருந்தேன். அப்பல்சாமியைப் பார்த்தேன். பதினஞ்சு வருஷமாச் சாம்பலாக் கிடக்காரு."

கெட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு கோப்பை நிரம்பியது.

"அப்பா செத்ததே இதே சீக்குல. அவர் பேரையே தூக்கி எவனோ ஒரு பட்டாளத்துக்காரனுக்குப் போட்டிருக்கீங்க. வெட்கமா இல்லையா டாக்டர்? ஜீப் வந்து நின்னது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"ஜீப்பா?" ரவீந்திரா நிஜமாகவே யோசித்தார். "ஓ, அதுவா? டிரைவருக்கு ஹெர்னியா. வீட்டுக்கு வந்து காட்டினான்."

"ஹெர்னியா! என்னை என்ன புதுசா வந்த பொண்ணுன்னு நினைச்சீங்களா? யாரு அவன்? பேரைச் சொல்லுங்க. நான் போய் இழுத்துட்டு வர்றேன். நாளைக்கு நீங்க போயிட்டா அவனுக்கு நாதி இல்ல. எல்லாரும் போறீங்க, போங்க. மகேந்திரா ரேடியோவைத் தூக்கிட்டுப் போனான், நீங்க உங்க கையைத் தூக்கிட்டுப் போங்க. ஆனா கேன்சர்னு தெரிஞ்சும் ஒருத்தனைத் தெருவுல விட்டுட்டு ஓடறவனுக்கு என் பாஷைல வேற பேரு!"

"அந்த ஆளைத் தெருவுல விடல" என்றார் ரவீந்திரா. "நாளைக்கு அதே பிளேன்ல அவனும் ஏறறான். ஆக்லாந்துல வியாழக்கிழமை காலைல அவனுக்கு ஆபரேஷன்."

"ஏன்? அறுக்கறது நீங்கதானே? அதை இங்க அறுத்தா என்ன? மேஜை இருக்கு, நான் இருக்கேன், ஆயுதம் கொதிச்சுக் காத்துட்டிருக்கு. இந்த நாட்டுல இதை அறுக்க உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல."

இது இங்கிலீஷ் இல்லை. தியேட்டரில் இங்கிலீஷும் வார்டில் ஹிந்தியும் பேசுகிற ரவீந்திரா, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் காதில் விழப் பேசாத தமிழ். லோவு தமிழ். அதுதான் உர்மிளாவை நிறுத்தியது.

அவர் டீ கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். நின்றபடியேதான். காலியாகக் கிடந்த நாலு நாற்காலியையும் உர்மிளா பார்த்தாள். பெல்ட்டின் புது ஓட்டையைப் பார்த்தாள்.

ரவீந்திரா பச்சைச் சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். தொப்புளுக்கு இடது பக்கம், பெல்ட்டில் இடிக்காத, மடிப்பில் விழாத, குனிந்தால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நீலப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி.

"குறி நானே போட்டுட்டேன், சிஸ்டர்" என்றார். "மிச்சம் எனக்கு எட்டல."